ஊக்கு இல்லாத நாள்

ரயில் போய்விட்டதா, இனிமேல்தான் வர வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட் மூடியிருக்கிறது. மூடியது நான்தான், பூட்டியதும் நான்தான், சாவி என் இடுப்பில் உறுத்திக்கொண்டிருக்கிறது. கையில் பச்சைக் கொடி. இதை விரித்துப் பிடித்து ரயிலை அனுப்பிவிட்டுச் சுருட்டினேனா, இல்லை இன்னும் விரிக்கவே இல்லையா? சுருட்டித்தான் இருக்கிறது. அதை வைத்து என்ன சொல்ல முடியும், ரயில் வருவதற்கு முன்பும் கொடி சுருட்டித்தான் இருக்கும், போன பிறகும் சுருட்டித்தான் இருக்கும். வடிவு, நிதானமாக யோசி. பத்து நாற்பத்திரண்டு பாசஞ்சர். இப்போது மணி பத்து ஐம்பத்திமூன்று. பதினோரு நிமிடம் தாண்டிவிட்டது. பாசஞ்சர் பதினோரு நிமிடம் தாமதமாக வந்ததே கிடையாதா? வந்திருக்கிறது. நேரத்துக்கு வந்ததே கிடையாதா? அதுவும் வந்திருக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு மினிபஸ், இரண்டு கார், ஏழெட்டு பைக். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். ரயில் வர வேண்டியிருந்தால் தண்டவாளத்தையல்லவா பார்ப்பார்கள்? ரயில் போயிருந்தால்தானே கேட்காரியைப் பார்ப்பார்கள்? அப்படியும் சொல்ல முடியாது, வெகுநேரம் காத்து நின்றாலும் மனிதர்கள் பார்க்க என்ன இருக்கிறது, என்னைத்தான் பார்ப்பார்கள்.  வெயில் மண்டையைப் பிளக்கிறது.

முறை என்னவோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிற முறைதான். பனையூரணி ஸ்டேஷனிலிருந்து தனசிங் சார் போன் போடுவார். நான் சக்கரத்தைச் சுற்றிக் கம்பி இரண்டையும் இறக்கிப் பூட்டுவேன். பூட்டிய பிறகு, எனக்கென்று கொடுத்திருக்கிற, எண்களை வரிசையில்லாமல் கலைத்துப் போட்ட புத்தகத்தில் அடுத்த எண்ணைப் பார்த்துச் சொல்வேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வார். அந்த எண் கையில் வந்தால்தான் ரயிலை விடுவார். சொன்ன எண்ணை நான் உடனே கோடு போட்டு அடித்துவிட வேண்டும். அறுபத்தேழை அடித்துவிட்டேன். “அறுபத்தேழு சார்.” “அறுபத்தேழு, சரிம்மா.” அவர் குரல் காதிலேயே இருக்கிறது. ஆகவே கேட்டை மூடினேன் என்பது உறுதி. பெரிய கண்டுபிடிப்பு, மூடியிருப்பதுதான் கண்ணுக்கே தெரிகிறதே. பிறகு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் நின்றேன். கறுப்பு வெள்ளாடு ஒன்று முன்னங்கால்களைத் தூக்கி மரத்தில் வைத்துக்கொண்டு எட்டாத கொப்புக்கு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. எட்டவே எட்டாது, ஆனாலும் நீட்டியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு மீன்பெட்டிக்காரர் “தெறங்கம்மா” என்று கத்தியது. ஆட்டுக்கும் மீன்பெட்டிக்காரருக்கும் நடுவில் எவ்வளவு நேரம்? அதற்குள் ஒரு ரயில் போயிருக்க முடியுமா? எட்டுப் பெட்டி ரயில், பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரியாமல் போக அது என்ன பூனையா? ஆனால் போனது மாதிரியும் இருக்கிறது. டிரைவர் கையை வெளியே நீட்டி ஆட்டினார். மூன்றாவது பெட்டி ஜன்னலிலிருந்து ஒரு பிள்ளை வாழைப்பழத் தோலை எறிந்தது, தோல் என் காலடியில் விழுந்தது. கீழே பார்க்கிறேன். தோல் இல்லை. ஆடு தின்றிருக்கும். ஆட்டையும் காணோம். அந்தத் தோல் இன்றைக்கு விழுந்ததா, நேற்றா, போன செவ்வாய்க்கிழமையா? அதே ரயில், அதே கை, அதே புழுதி, அதே பிரேக் நாற்றம். எல்லா நாளும் ஒன்றுபோல இருந்தால் எந்த நாளில் எது நடந்தது என்று மனுஷிக்கு எப்படித் தெரியும்?

ஊக்கு இருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது. எண் சொன்னதும் இடது தோளில் முந்தானையைக் குத்தியிருக்கிற ஊக்கைக் கழற்றி வலது கை ஜாக்கெட் ஓரத்தில் குத்திக்கொள்வேன். ரயில் தாண்டியதும் மறுபடி இடது தோளுக்கு. வலது என்றால் ரயில் வரவில்லை, இடது என்றால் வந்து போய்விட்டது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மறதி வர ஆரம்பித்த பிறகு நானே கண்டுபிடித்துக்கொண்டது. காலையில் இந்துஜா என் முன்னால் வந்து நின்றாள். கல்லூரியில் ஏதோ விழாவாம், முதல் தடவையாகச் சேலை கட்டியிருந்தாள். “யம்மா, கொசுவம் நிக்கவே மாட்டேங்கு. ஒண்ணே ஒண்ணு தாயேன்.” “கடையில வாங்கிக்கோ ட்டி.” “இந்நேரம் எந்தக் கடைம்மா தொறந்திருக்கும்?” என் தோளிலிருந்து அவளே கழற்றிக்கொண்டாள்.  சேலை கட்டியதும் அவள் முகத்தில் அவளுடைய அப்பா சாடை அப்படியே வந்துவிட்டது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஊக்கு போனது உறைக்கவில்லை. முன்பெல்லாம் எனக்கு ஊக்குக்குப் பஞ்சமா? தாலிச் சங்கிலியில் நாலைந்து எப்போதும் கோத்துக் கிடக்கும். பாவாடைக்கு நாடா கோக்க, பிள்ளைக்கு ரிப்பன் குத்த, முள் எடுக்க எல்லாவற்றுக்கும் கை தன்னால் கழுத்துக்குப் போகும். பதினாறாம் நாள் தாலியைக் கழற்றியவர்கள் ஊக்குகளையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டார்கள். தாலி போனது எனக்குப் புரிந்திருந்தது. மறுநாள் கொல்லையில் காலில் முள் தைத்தது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கழுத்தைத் தடவினேன், தடவிக்கொண்டே இருந்தேன். அதுவரைக்கும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. முள்ளுக்காக அழுகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரி மஞ்சள் கொண்டுவந்தாள்.

“போயிட்டுல்லாம்மா ரயிலு? இன்னும் எதுக்கு மூடி வச்சிருக்கீங்க?” மீன்பெட்டிக்காரர்தான். பின்னால் உயரமாக ஐஸ்பெட்டி கட்டிய பைக். மற்ற பைக்காரர்கள் நான் அசந்தால் குனிந்து நுழைந்துவிடுவார்கள், இவரால் முடியாது, பெட்டி கம்பியில் இடிக்கும். அதனாலேயே எல்லாரையும்விட இவருக்குத்தான் ஆத்திரம். “நீங்க பாத்தீங்களாண்ணே?” என்று கேட்கிறேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். கேட்காரி பயணியிடம் ரயில் போயிற்றா என்று கேட்கலாமா? அவர் வாயைப் பிளந்தார். “நான் இப்பம்தான வாரேன். எதுக்க வந்த டிராக்டர்காரன் சொன்னான், ரயிலு போயிட்டு, கேட்டத் தெறந்திருப்பாங்கன்னு.” எந்த டிராக்டர்? கேட் மூடியிருக்கும்போது டிராக்டர் எப்படி எதிரே வரும்? ஒருவேளை கேட்டுக்கு முன்னாலேயே பிரிகிற விலக்குச் சாலையில் வந்திருக்கும். ஒருவேளை ஏழரை மணி ரயிலைச் சொல்லியிருப்பான். இல்லாவிட்டால் இவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார், இங்கே நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்கிற பொய்தான் இது. ஆனால் ஒரு நாள் அது உண்மையாகவும் இருக்குமே.

கேபினுக்குள் ஓடிப் போனைத் தூக்கினேன். சுவரில் பதித்த கறுப்புப் போன். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு நாளாகக் குடிநீர்க் குழாய்க்காரர்கள் லைன் ஓரம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கேயோ கேபிளை அறுத்திருப்பார்கள். பத்து முப்பத்தொன்றுக்குப் பேசிய போன், இப்போது செத்துக் கிடக்கிறது. செல்லை எடுத்துத் தனசிங் சார் நம்பரைப் போட்டேன். நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது வேறொரு அழைப்பில் இருக்கிறார். மறுபடி போட்டேன். வேறொரு அழைப்பில் இருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பொறுமையான குரல். தாயே, ஒரே ஒரு கேள்வி, ரயில் போய்விட்டதா என்று உனக்காவது தெரியுமா? வெளியே மினிபஸ்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்துகிறான். அந்தச் சத்தத்தில் ரயில் கூவினால்கூடக் கேட்காது. ஒருவேளை கூவியதுதான் கேட்காமல் போய்விட்டதோ?

மேஜைமேல் ரிஜிஸ்டர் திறந்தபடி கிடக்கிறது. அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். யாரிடம் பேசுகிறேன் நான்? யாரும் இல்லை. ஆனாலும் சொல்வீர்கள், அதற்குத்தானே ரிஜிஸ்டர். கேட் மூடிய நேரம், ரயில் தாண்டிய நேரம், கேட் திறந்த நேரம், மூன்று கட்டம். பாசஞ்சருக்கு நேரே பார்க்கிறேன். மூடியது 10.33. தாண்டியது 10.42. திறந்தது 10.44. என் கையெழுத்து, முத்து முத்தாக. அதற்குக் கீழே பன்னிரண்டு பத்து எக்ஸ்பிரஸ், அதுவும் தாண்டிவிட்டது. ஒன்று ஐம்பது ரயிலும் தாண்டிவிட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகும்வரை வர வேண்டிய எல்லா ரயிலும் இந்தத் தாளில் வந்து போய்விட்டன. காலை ஆறு மணிக்கு வந்ததும் இன்றைய நாள் முழுவதையும் நானே எழுதி வைத்துவிட்டேன்.

இது ஒரு நாளில் வந்த கெட்ட பழக்கம் இல்லை. முதலில் ஒரு ரயிலை மட்டும் முன்கூட்டி எழுதினேன். ரயில் தாண்டும்போது அவசரத்தில் எழுதினால் அடித்தல் திருத்தல் வரும், அடித்தல் இருந்தால் சோதனைக்கு வருகிற இன்ஜினியர் சார் கேட்பார். பிறகு இரண்டு ரயில். இரண்டு மாதமாக முழு நாளும். போன தடவை டிராலியில் வந்தபோது அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “இந்த செக்ஷன்லயே உங்க ரிஜிஸ்டர் மாதிரி யாரும் சுத்தமா எழுதலம்மா” என்று மற்ற கேட்காரர்கள் முன்னால் சொன்னார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. சுத்தத்துக்காக எழுதினேன் என்பதும் பாதிப் பொய். உண்மையைச் சொல்கிறேன். வெறும் கட்டங்களாக ஒரு நாளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். இத்தனை கட்டத்தையும் எப்படித் தாண்டப்போகிறோம் என்று மலைத்துப்போவேன். எழுதி முடித்துவிட்டால் நாள் முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு அது தன்னால் நடந்துகொள்ளும், நான் ஓரமாக நின்றால் போதும். தாலி போன பிறகு பதினான்கு மாதத்தை நான் தள்ளியது இப்படித்தான். சோற்றை வடித்துவிட்டால் சாப்பிட்டாகிவிட்டது, விளக்கை அணைத்துவிட்டால் தூங்கியாகிவிட்டது. இன்றைக்கு அதற்கும் ஒருபடி மேலே போய்விட்டேன். சாப்பாட்டுப் பைக்குள் ஒரு கடிதம் இருக்கிறது. எனக்கு ஞாபகம் சரியில்லை, கேட் வேலையிலிருந்து என்னை விடுவிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். மத்தியானம் இன்ஜினியர் சார் வந்தால் கொடுத்துவிட வேண்டும். கடைசி நாள்தானே என்று காலையில் இன்னும் அழகாக எழுதினேன். திறந்தது 10.44. தாளில் கேட் திறந்து கிடக்கிறது, இந்நேரம் அந்த மினிபஸ் அடுத்த ஊருக்கே போயிருக்க வேண்டும்.

திரும்ப வெளியே வந்தேன். தண்டவாளத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. ரயில் போன சூடா, வெயில் சூடா? தண்டவாளத்தின்மேல் ஒரு வேப்பிலை கிடந்தது. ரயில் போயிருந்தால் காற்றில் பறந்திருக்குமே என்று மனம் துள்ளியது. துள்ளி முடிப்பதற்குள் இன்னொரு இலை உதிர்ந்து அதன் பக்கத்தில் விழுந்தது. சித்திரை பிறக்கப்போகிறது, இந்த மரம் நிமிடத்துக்கு நாலு இலை போடும். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பொம்பளை சிரித்தாள். மினிபஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மாள், என் வயசுதான் இருக்கும், நல்ல கனத்த உடம்பு, கக்கத்தில் கோவிலுக்கு நேர்ந்த சேவல். “ஏளா, ரயிலு வருதான்னு தண்டவாளத்தத் தொட்டுப் பாக்கா பாரு. ஜோசியம் பாக்காளாம். பூசைக்கு நேரம் ஆகுது, மூதேவி, தெறயேன்!” சேவலும் கூடவே கொக்கரித்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வரத்தான் செய்தது. என்னை மூதேவி என்று யாராவது சொல்லி வெகுநாள் ஆகிவிட்டது, அவர் போன பிறகு எல்லாரும் என்னிடம் பூப்போலப் பேசுகிறார்கள்.

போயிட்டு, போயிட்டு என்று இப்போது மூன்று நான்கு பேர் சொல்கிறார்கள். அன்றைக்கும் இப்படித்தான், சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. வேண்டாம், அதை இப்போது நினைக்காதே. நினைக்காதே என்றால் மனம் கேட்கிறதா? அவர் செல்லத்துரை, இதே லைனில் தண்டவாளம் பழுதுபார்க்கிற கேங்மேன். காலை வேலை முடித்து வந்து சாப்பிட்டுவிட்டு, “மூணு மணிக்கு எழுப்பு” என்று சொல்லிப் படுத்தார். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஒருக்களித்துப் படுத்திருந்தார். பாவம், அலுப்பு, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று வந்துவிட்டேன். டிவி சத்தத்தைக் குறைத்தேன். அவர் கால்மேல் உட்கார்ந்த ஈயைத் துண்டால் ஓட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த இந்துஜாவிடம், “அப்பா தூங்குதாங்க, சத்தம் போடாத” என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். ஐந்து மணிக்குக் காபியோடு போய்த் தோளைத் தொட்டேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார். அந்த இரண்டு மணி நேரமும் அவர் எழுந்துவிடக் கூடாதே என்று நான் பூனைமாதிரி நடந்திருக்கிறேன். பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. தூங்குகிறார் என்று நானே என் மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். மூன்று மணிக்கே தொட்டு எழுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது என்கிறார்கள். ஏதாவது ஆகியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். இரண்டில் எது என்று எனக்குச் சாகிறவரைக்கும் தெரியப்போவதில்லை.

திறந்துவிடு வடிவு. அத்தனை பேரும் சொல்கிறார்கள், கடிகாரம் சொல்கிறது, உன் கையெழுத்தே சொல்கிறது. சக்கரத்தை இருபது சுற்று சுற்றினால் போதும், எல்லாரும் போய்விடுவார்கள், அமைதியாக இருக்கும். மூடி வைக்கச் சொல்வது யார்? யாரும் இல்லை. ஊக்கு இருந்தால் சொல்லியிருக்கும். அது இந்துஜாவின் கொசுவத்தில் இருக்கிறது. இடுப்பிலிருந்த சாவியை எடுத்தேன். பூட்டுவரைக்கும் போனேன். சாவியைத் துவாரத்தில் வைத்தும்விட்டேன். வைத்த கை அங்கேயே நின்றது. மூன்று மணிக்கு அவர் தோளுக்கு மேலே நின்ற அதே கை. தொடுவோமா, வேண்டாமா, தூங்கட்டும். அன்றைக்குத் தெரியாததைத் தெரியும் என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ரயில் போனதா தெரியாது, வருமா தெரியாது, என் தலை சரியாக இருக்கிறதா தெரியாது. தெரியாதவள் கேட்டைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான். சாவியை உருவித் திரும்பவும் இடுப்பில் செருகிக்கொண்டேன். “தெறக்க மாட்டேன்” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. “ஸ்டேஷன்லேருந்து சொல்லட்டும். சொல்லாம தெறக்க மாட்டேன்.”

மீன்பெட்டிக்காரர் கெட்ட வார்த்தை ஒன்றைப் பல்லுக்குள் சொன்னார். மினிபஸ் கண்டக்டரைக் கூப்பிட்டார். “தம்பி, இந்தக் கம்பி நுனியத் தூக்கிப் பிடி, பெட்டி நுழைஞ்சிரும்.” பூட்டியிருந்தாலும் நுனியில் இரண்டு பேர் தோளைக் கொடுத்தால் கம்பி ஒரு முழம் வளைந்து எழும்பும், அது எல்லாருக்கும் தெரியும். கண்டக்டர் தோளைக் கொடுத்தான். இன்னொருத்தனும் வந்தான். கம்பி எழும்ப ஆரம்பித்தது. ஓடிப்போய் இந்தப் பக்கத்திலிருந்து கம்பியின்மேல் விழுந்தேன். இரண்டு கையையும் அந்தப் பக்கம் போட்டுத் தொங்கினேன். நாற்பத்தெட்டு கிலோ, அதில் பாதி எலும்பு. கம்பி என்னையும் சேர்த்தே தூக்கியது, செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. “விடுங்கம்மா, மானம் போகுது” என்றான் கண்டக்டர். எதற்கு அப்படிச் சொன்னான் என்று முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. ஊக்கு இல்லாத முந்தானை தோளிலிருந்து வழிந்து மண்ணில் கிடந்தது. இத்தனை ஆம்பிளைகள் முன்னால் வெறும் ஜாக்கெட்டோடு கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். கையை விட்டால் முந்தானையை எடுத்துக்கொள்ளலாம். கையை விட்டால் கம்பி எழும்பும். கடவுளே, இது என்ன கூத்து, ஒருவேளை ரயில் அப்போதே போயிருந்தால்? இருபது நிமிடத்துக்கு முன்னால் போன ரயிலுக்காகவா ஒரு பொம்பளை இப்படித் தொங்குகிறாள்? தொங்கிவிட்டுப் போகட்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கம்பியின் பெயிண்ட் சூட்டில் கன்னம் எரிந்தது. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன், வியர்வையாகவும் இருக்கலாம்.

முதலில் கேட்டது நான் இல்லை, சேவல்தான். கத்திக்கொண்டிருந்தது சட்டென்று நிறுத்தியது. பிறகு கம்பி என் நெஞ்சுக்குக் கீழே மெல்ல அதிர்ந்தது. பிறகு வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து நீளமான ஒரு கூவல். தோள்கொடுத்தவர்கள் தோளை எடுத்தார்கள். கம்பி என்னோடு கீழே இறங்கியது.  மீன்பெட்டிக்காரர் பைக்கைப் பின்னால் இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார், மினிபஸ்ஸில் முட்டும்வரை இழுத்தார். நான் கொடியைத் தேடினேன். காலடியில் கிடந்தது. விரித்துப் பிடித்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு லைனைப் பார்த்து நின்றேன். ரயில் தாண்டும்வரை கேட்காரி திரும்பக் கூடாது, குனியக் கூடாது. முந்தானையை எடுக்கவில்லை. என்ஜின் வந்தது. டிரைவர் கையை நீட்டி ஆட்டினார். அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் முந்தானையை மண்ணிலிருந்து எடுத்து உதறித் தோளில் போட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எட்டிப் போட்டது. கோழி வாடையும் மஞ்சள் வாடையுமாக ஒரு கனத்த மூச்சு என் காதருகே. சங்கிலி கலகலவென்றது. ஊக்கு திறக்கிற சத்தம் கேட்டிருக்க முடியாது, எட்டுப் பெட்டியும் கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் கேட்டேன். இடது தோளில் துணியைச் சேர்த்துப் பிடித்துக் குத்தி, மூடி, மேலே ஒரு தட்டு தட்டினாள் சேவல்காரி. “நில்லு, நில்லு, ஆடாத” என்றாள். 

கேட்டைத் திறந்தேன். மினிபஸ் போனது. கார்கள் போயின. மீன்பெட்டிக்காரர் கடைசியாகப் போனார், என் பக்கம் வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்து, பெட்டியைக் கட்டிய கயிற்றைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்தபடியே போய்விட்டார். சேவல்காரி மினிபஸ் ஜன்னலிலிருந்து, “அத நீயே வச்சுக்கோ, எங்கிட்ட இன்னும் மூணு கெடக்கு” என்று கத்தினாள். பெயரைக் கேட்கவில்லை நான். செல் அடித்தது. தனசிங் சார். “வடிவு, வடிவு, கேக்குதா? நீ சொன்ன நம்பர வாங்கி வச்சிட்டு வண்டிய இங்கனயே புடிச்சு வச்சிட்டேன், ஒரு பெட்டியில பிரேக் மாட்டிக்கிட்டு. அம்பத்தெட்டுக்குத்தான் விட்டேன். உன் லைன் செத்துப் போச்சு, செல்லும் கெடைக்கல, வண்டிய விட்டப்பெறவு உசுரே இல்ல எனக்கு. கேட்ட, கேட்டத் தெறந்துட்டியா?” “இல்ல சார். மூடித்தான் இருந்துச்சு.”  அவர் மூச்சுவிடுவது கேட்டது. “சரிம்மா” என்றார். “சரிம்மா, சரிம்மா.”  கேபின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே கறுப்பு ஆடு திரும்ப வந்து மரத்தில் கால் வைத்து நின்றது, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்ததோ.

ரிஜிஸ்டர் அப்படியே கிடந்தது. தாண்டியது 10.42. சிவப்புப் பேனாவை எடுத்துக் கோடு போட்டேன், மேலே 11.04 என்று எழுதினேன். திறந்த நேரத்தையும் அடித்தேன். பன்னிரண்டு பத்தை அடித்தேன். ஒன்று ஐம்பதை அடித்தேன். சாயங்காலம்வரைக்கும் இருந்த எல்லா ரயிலையும் வரிசையாக அடித்தேன். அசிங்கமாக இருந்தது பக்கம். இன்ஜினியர் சார் கேட்பார், என்னம்மா இது என்பார். முன்கூட்டியே எழுதி வைத்தேன் சார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வேலையைவிட்டே எடுத்தாலும் எடுப்பார்கள், எடுக்காமல் திட்டிவிட்டும் போகலாம். சாப்பாட்டுப் பைக்குள் கடிதமும் இருக்கிறது. கொடுப்பேனா என்று தெரியவில்லை. காலையில் கொடுப்பேன் என்றிருந்தது, இப்போது தெரியவில்லை. சிவப்புக் கோடுகளுக்குக் கீழே வெறும் கட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. பார்த்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குச் செல் அடித்தது. “எக்ஸ்பிரஸ் வருதும்மா, கேட்டை மூடிக்கோ.” மூடினேன், பூட்டினேன், பூட்டை இழுத்துப் பார்த்தேன். அடுத்த எண் நாற்பது. “நாப்பது சார்.” “நாப்பது, சரிம்மா.” எண்ணை அடித்துவிட்டு, இடது தோளிலிருந்த ஊக்கைக் கழற்றி வலது கை ஜாக்கெட் ஓரத்தில் குத்திக்கொண்டேன்.